சத்தம் வருது... வேகம் வரலையா? படகு என்ஜின் 'பிக்-அப்' குறைந்தால் முகத்துவாரத்தில் ஆபத்து: கோளாறை கண்டுபிடிக்க எளிய வழிகள்

முதலியார்பேட்டை:

புதுவை முதலியார்பேட்டையில் கடலூர் சாலை மரப்பாலம் சந்திப்பில் இருந்து கிழக்கே திரும்பினால் தேங்காய்த்திட்டு மீன்பிடி துறைமுகம். ஊர் விழிப்பதற்கு முன்பே இங்கு தொழில் தொடங்கி விடும்.

பெரிய விசைப்படகுகளுக்கு நடுவே சின்ன பைபர் படகுகளும் இந்த வழியாகத்தான் கடலுக்கு போகின்றன. படகின் பின்பக்கம் மாட்டிய ஒரே ஒரு என்ஜினை நம்பித்தான் அதில் உள்ளவர்கள் போகிறார்கள்.

இந்த என்ஜினில் மீனவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு புகார், 'பிக்-அப் இல்ல' என்பது. என்ஜின் ஸ்டார்ட் ஆகும். மெதுவாக ஓடும். ஆனால் கைப்பிடியை முறுக்கினால் வேகம் எடுக்காது. ஒன்று இருமும், இல்லை என்றால் வெறும் சத்தம் மட்டும் போடும்.

ஆற்றில் இது வெறும் தொல்லை. முகத்துவாரத்தில் இது உயிர் பிரச்சினை.

மணல் மேடும் அலையும்

தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் இருந்து கடலுக்கு போகும் முகத்துவாரத்தில் மணல் சேருவது பல வருஷ பிரச்சினை. தூர்வார கோரி மீனவர்கள் பலமுறை போராட்டம் நடத்தி உள்ளனர்.

இதற்கு காரணம் கடலிலேயே இருக்கிறது. புதுவை கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கில் இருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. வடகிழக்கு பருவமழை மாதங்களில் இது திசை மாறும். இப்படி நகரும் மணல், முகத்துவாரத்தில் கொட்டிய கற்களின் ஓரத்திலும் வாயிலிலும் தேங்கி விடுகிறது.

ஆழம் குறைந்த இடத்தில் அலை மடிந்து உடையும். அந்த அலை மீது ஏறி வெளியே போகவும், உள்ளே வரும்போது பின்னால் வரும் அலைக்கு முந்திக்கொண்டு கரை சேரவும், கேட்ட உடனே என்ஜின் வேகம் தர வேண்டும்.

அந்த சில வினாடியில் என்ஜின் தடுமாறினால் பின்னால் வரும் அலை படகின் பின்பக்கத்தை தள்ளும். படகு குறுக்கே திரும்பும். அடுத்த அலை பக்கவாட்டில் அடித்து கவிழ்த்து விடும்.

கட்டுமரத்துக்கு இந்த கஷ்டம் குறைவு. அது மரங்களை சேர்த்து கட்டியது. மேலே ஏறும் தண்ணீர் இடுக்கு வழியாக இறங்கி விடும். பைபர் படகு அப்படி இல்லை. உள்ளே புகுந்த தண்ணீர் உள்ளேயே நிற்கும். படகு கனமாகும். என்ஜினுக்கு மேலும் சுமை ஏறும்.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி சுனாமிக்கு பிறகு நிவாரணமாக ஏராளமான பைபர் படகுகளும் என்ஜின்களும் கிழக்கு கரையோர கிராமங்களுக்கு வந்தன. துடுப்பும் பாயும் இருந்த இடத்தை என்ஜின் வேகமாக பிடித்துக் கொண்டது. என்ஜின் ஆரோக்கியமாக இருப்பது அதனால் இன்னும் முக்கியமாகி விட்டது.

முதல் கேள்வி: சத்தம் ஏறுதா?

பிக்-அப் குறைந்ததும் பலர் செய்யும் முதல் வேலை, கார்புரேட்டரை கழற்றுவது. அதற்கு முன்பு ஒரே ஒரு கேள்வி கேட்டால் பாதி வேலை முடிந்து விடும்.

கைப்பிடியை முறுக்கும்போது என்ஜின் சத்தம் ஏறுகிறதா, இல்லையா?

சத்தம் விர்ரென்று ஏறுகிறது, ஆனால் படகு போகவில்லை என்றால் என்ஜினில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. என்ஜின் கொடுக்கும் சக்தி தண்ணீருக்கு போய் சேரவில்லை. விசிறி என்று சொல்லும் புரொப்பல்லரையும், என்ஜினை மாட்டி இருக்கும் உயரத்தையும் பார்க்க வேண்டும்.

சத்தமே ஏறவில்லை, அமுங்கி போகிறது என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். என்ஜினுக்கு எரிபொருள், காற்று, தீப்பொறி இந்த மூன்றில் ஒன்று சரியாக கிடைக்கவில்லை. அல்லது படகு அளவுக்கு மீறி கனமாக இருக்கிறது.

இந்த வித்தியாசம் தெரியாமல் கார்புரேட்டரை பிரித்து காசை கரைப்பவர்கள் உண்டு. கடைசியில் பார்த்தால் விசிறியில் நைலான் வலை சுற்றி இருக்கும்.

சத்தம் ஏறுது, படகு போகலை என்றால்...

முதலில் என்ஜினை நிறுத்தி, நிறுத்தும் கயிற்றின் கிளிப்பை எடுத்து விட வேண்டும். ஸ்பார்க் பிளக் வயர்களையும் கழற்றி விடுவது நல்லது. அதற்கு பிறகுதான் விசிறியில் கை வைக்க வேண்டும்.

* விசிறியின் இலை வளைந்திருக்கிறதா, உடைந்திருக்கிறதா என்று பார்க்கவும். மணல் மேட்டில் ஒருமுறை தட்டினாலே ஓரம் மடங்கி விடும். மூன்று இலையில் ஒன்று மட்டும் வளைந்தாலும் என்ஜின் அதிரும், வேகம் குறையும்.

* விசிறியை கழற்றி பின்னால் உள்ள தண்டை பார்க்கவும். கிழிந்த வலையும் தூண்டில் நரம்பும் அங்கேதான் சுற்றிக்கொள்ளும். இது தண்டின் ஆயில் சீலையும் அறுத்து விடும். கியர் ஆயில் பால் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்து விட்டது என்று அர்த்தம்.

* பல விசிறிகளின் நடுவே ரப்பர் புஷ் இருக்கும். கல்லில் மோதினால் கியர் உடையாமல் காப்பது அதுதான். இந்த ரப்பர் தேய்ந்தால் தண்டு சுற்றும், விசிறி வழுக்கும். மெதுவாக போகும்போது தெரியாது. முழு வேகம் கொடுத்தால் மட்டும் தெரியும்.

இதை கண்டுபிடிக்க சுலபமான வழி உண்டு. விசிறியின் உள் வளையத்தில் தொடங்கி வெளி வளையம் வரை பெயிண்டால் நேராக ஒரு கோடு போட வேண்டும். ஒரு சுற்று ஓட்டி வந்து பார்த்தால், கோடு உடைந்து விலகி இருந்தால் ரப்பர் வழுக்குகிறது. வேறு சோதனையே தேவை இல்லை.

* விசிறிக்கு மேலே ஒரு தட்டையான தகடு இருக்கும். இது படகின் அடிமட்டத்துக்கு சமமாகவோ கொஞ்சம் கீழேயோ இருக்க வேண்டும். ரொம்ப மேலே இருந்தால் விசிறி தண்ணீரோடு காற்றையும் இழுக்கும். சத்தம் மட்டும் ஏறும். ரொம்ப கீழே இருந்தால் இழுவை அதிகமாகி வேகம் குறையும், மணலிலும் தட்டும்.

* என்ஜினை சாய்க்கும் பின் எந்த துளையில் இருக்கிறது என்று பார்க்கவும். வெளிப்பக்கம் அதிகமாக சாய்ந்திருந்தால் படகின் மூக்கு மேலே தூக்கும். கிளம்பும்போது வேகம் பிடிக்காது.

சத்தமே ஏறலை என்றால்...

இங்கேயும் காசு செலவில்லாத காரணங்களில் இருந்து தொடங்க வேண்டும்.

எண்ணெய் டேங்க் மூடியில் காற்று போகும் திருகு இருக்கும். அதை திறக்க மறந்தால் என்ஜின் சில நிமிஷம் நன்றாக ஓடும். பிறகு டேங்குக்குள் காற்று இல்லாமல் எண்ணெய் வராது. வேகம் கொடுத்தால் அமுங்கும். கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் மறுபடி ஓடும். மூடியை லேசாக திறந்ததும் என்ஜின் சரியானால், கோளாறு அந்த திருகில்தான்.

அடுத்தது எண்ணெய் குழாய் நடுவே இருக்கும் ரப்பர் உருண்டை. கையால் அழுத்தி எண்ணெய் ஏற்றுவோமே, அதுதான். ஓடிக் கொண்டிருக்கும்போது அதை தொட்டு பார்த்தாலே நிறைய தெரியும்.

உருண்டை ஒட்டி சப்பையாகி விட்டால் டேங்க் பக்கம் அடைப்பு. காற்று திருகு, டேங்க் உள்ளே உள்ள வலை, மடங்கிய குழாய் ஆகியவற்றை பார்க்க வேண்டும்.

உருண்டை தளர்ந்து, கையால் அழுத்தினால் மட்டும் என்ஜின் வேகம் எடுக்கிறது என்றால் குழாய் இணைப்பில் காற்று புகுகிறது. அல்லது எண்ணெய் பம்பின் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு போய்விட்டது.

உருண்டை கெட்டியாகவே இருக்கிறது, ஆனாலும் என்ஜின் அமுங்குகிறது என்றால்தான் கார்புரேட்டர் மீது சந்தேகப்பட வேண்டும். உருண்டை மீதுள்ள அம்புக்குறி என்ஜின் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்பதையும் கவனிக்கவும்.

பெட்ரோலில் தண்ணீர்

இந்தியாவில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்ற இலக்கு முதலில் 2030-ம் ஆண்டுக்கு வைக்கப்பட்டது. அது 2025-ம் ஆண்டே எட்டப்பட்டது. ரோட்டில் ஓடும் வண்டியை விட கடலில் ஓடும் என்ஜின் இதில் அதிக கவனம் கேட்கிறது.

எத்தனால் தண்ணீரை இழுத்து சேர்த்துக் கொள்ளும். கடல் காற்றில் ஈரம் அதிகம். ஒரு அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலை விட்டு பிரிந்து டேங்கின் அடியில் இறங்கி விடும். என்ஜினுக்கு எண்ணெய் போகும் குழாயும் அடியில்தான் இருக்கிறது. அதனால் என்ஜின் குடிக்கும் முதல் சரக்கே அந்த தண்ணீர்தான்.

டேங்கின் அடியில் இருந்து கொஞ்சம் எடுத்து கண்ணாடி பாட்டிலில் ஊற்றி அசையாமல் வைக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அடியில் தனியாக ஒரு மட்டம் தெரிந்தால் அந்த பெட்ரோலை பயன்படுத்தக்கூடாது. தண்ணீரை பிரிக்கும் பில்டரை குழாயில் மாட்டிக் கொள்வது நல்லது. பல வாரம் தொழிலுக்கு போகாத நாட்களில் பழைய பெட்ரோலை டேங்கில் விட்டு வைக்கக்கூடாது.

மண்ணெண்ணெயில் ஓடும் என்ஜினுக்கு வேறு ஒரு கணக்கு. அது பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற வேண்டும். அவசரப்பட்டு மாற்றினால் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. புகை வரும், இருமும், வேகம் வராது. நிறுத்துவதற்கு முன்பு மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி கொஞ்ச நேரம் ஓட்டினால்தான் அடுத்த நாள் சுலபமாக ஸ்டார்ட் ஆகும்.

பெட்ரோலுக்கு மட்டும் செய்த என்ஜினில் மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டுவது ஆபத்து. உள்ளே தட்டும் சத்தம் வந்து பிஸ்டனே போய்விடும்.

ஆயில் கணக்கு

2 ஸ்ட்ரோக் என்ஜினுக்கு ஆயிலை எண்ணெயோடு கலக்க வேண்டும். எந்த அளவு என்பது என்ஜினோடு வரும் கையேட்டில் இருக்கும். 50-க்கு 1 என்று சொல்லி இருந்தால் 10 லிட்டருக்கு 200 மில்லி. 25-க்கு 1 என்றால் 10 லிட்டருக்கு 400 மில்லி.

கண் அளவில் ஊற்றுவதுதான் தப்பு. ஆயில் கூடினால் பிளக் கருத்து நனைந்து பிக்-அப் போகும். ஆயில் குறைந்தால் பிஸ்டன் இறுகி என்ஜினே நின்று விடும்.

பைக்குக்கு ஊற்றும் ஆயிலை சிலர் இதற்கும் ஊற்றுகிறார்கள். பைக் என்ஜின் காற்றில் ஆறுவது. படகு என்ஜின் தண்ணீரில் ஆறுவது. இதற்கென்று 'டிசி-டபிள்யூ3' என்ற முத்திரையோடு தனி ஆயில் விற்கிறது. அதைத்தான் வாங்க வேண்டும். 4 ஸ்ட்ரோக் என்ஜினில் ஆயில் தனியாக இருக்கும். பெட்ரோலில் கலக்கவே கூடாது.

ஒரு சிலிண்டர் தூங்கினால்...

பைபர் படகுகளில் மாட்டும் சிறிய என்ஜின்களில் 2 சிலிண்டர் உள்ளவை நிறைய. ஒரு பிளக் வேலை செய்யாவிட்டாலும் அடுத்த சிலிண்டரில் என்ஜின் ஓடும். ஆனால் பாதி சக்திதான். 'படபட' என்று ஒரு சீர் இல்லாமல் அதிரும்.

இரண்டு பிளக்கையும் கழற்றி பக்கத்தில் பக்கத்தில் வைத்து பார்க்க வேண்டும். வெளிர் பழுப்பு நிறம் இருந்தால் நல்லது. கருப்பாக நனைந்து இருந்தால் ஆயில் அதிகம் அல்லது தீப்பொறி இல்லை. வெள்ளையாக வெந்து இருந்தால் எண்ணெய் போதவில்லை அல்லது என்ஜின் அளவுக்கு மீறி சூடாகிறது.

சந்தேகம் இருந்தால் இரண்டு பிளக்கையும் இடம் மாற்றி போட்டு பார்க்கலாம். கோளாறும் பிளக்கோடு சேர்ந்து அடுத்த சிலிண்டருக்கு போனால் பிளக்தான் காரணம். போகாவிட்டால் வயர், காயில், கார்புரேட்டர் பக்கம் பார்க்க வேண்டும். பெட்ரோல் சிந்திய இடத்தில் தீப்பொறி சோதனை செய்வதும், வயரை வெறும் கையில் பிடிப்பதும் கூடவே கூடாது.

புது பிளக் வாங்கும்போது கையேட்டில் உள்ள அதே நம்பரை கேட்டு வாங்கவும்.

கேபிள், சோக், கார்புரேட்டர்

உப்பு காற்றில் ஆக்சிலேட்டர் கேபிள் துருப்பிடித்து இறுகும். கைப்பிடி முழுசாக சுற்றும், ஆனால் கார்புரேட்டர் முழுசாக திறக்காது. என்ஜினை நிறுத்தி, மேல் மூடியை கழற்றி, ஒருவர் கைப்பிடியை முறுக்க மற்றொருவர் உள்ளே பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்து விடும். சோக் முழுசாக திரும்பி இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்க்கலாம். சோக் பாதியில் நின்றால் கரும்புகை வரும், என்ஜின் அமுங்கும்.

இத்தனையும் சரியாக இருந்தால் மட்டும் கார்புரேட்டருக்கு போக வேண்டும். மெதுவாக ஓடும்போது நன்றாக இருந்து, முழு வேகத்தில் மட்டும் அமுங்கினால் பெரிய ஜெட்டில் அடைப்பு இருக்கலாம். ஜெட்டை கம்பியால் குத்தக்கூடாது. துளை பெரிதானால் எண்ணெய் கணக்கே மாறி விடும். கிளீனர் ஊற்றி காற்றால் ஊத வேண்டும்.

தண்ணீர் பீய்ச்சுதா?

என்ஜின் ஓடும்போது பின்பக்கம் சின்ன துளை வழியாக தண்ணீர் பீய்ச்சி அடிக்க வேண்டும். அது மெலிந்தாலோ நின்றாலோ உடனே வேகத்தை குறைக்க வேண்டும். தண்ணீர் இழுக்கும் இடத்தில் பிளாஸ்டிக் பை ஒட்டி இருக்கலாம். உள்ளே இருக்கும் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம்.

மணல் கலங்கிய ஆழமில்லாத தண்ணீரில் ஓட்டினால் இம்பெல்லர் சீக்கிரம் தேயும். முகத்துவாரத்தில் தினமும் போய் வரும் படகுகளுக்கு இது ரொம்ப முக்கியம். புது வகை 4 ஸ்ட்ரோக் என்ஜின்கள் பலவற்றில், சூடு ஏறினால் என்ஜின் தானாகவே வேகத்தை குறைத்துக் கொள்ளும். அதை பிக்-அப் கோளாறு என்று நினைத்து மேலும் முறுக்கக்கூடாது.

நீளமான தண்டோடு வரும் சிறிய டீசல் என்ஜின்களில் ஸ்பார்க் பிளக் கிடையாது. மற்றபடி சோதனை முறை இதேதான். டீசல் பில்டர் அடைப்பு, குழாயில் காற்று பூட்டிக் கொள்வது, காற்று வடிகட்டி அழுக்கு ஆகியவற்றை பார்க்க வேண்டும். கரும்புகை அடித்து வேகம் வராவிட்டால் சுமை அதிகம் அல்லது காற்று போதவில்லை.

படகையும் பாருங்க

என்ஜின் மாறாது, படகு மாறும். அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டினால் இழுவை கூடும். பைபரில் விரிசல் விட்டு உள்ளே தண்ணீர் ஊறினால் வெளியே தெரியாது, கனம் மட்டும் கூடும். வலை, ஐஸ் பெட்டி, ஆட்கள் எல்லாம் பின்பக்கமே இருந்தால் படகு மூக்கை தூக்கிக் கொண்டு வேகம் பிடிக்காது. சுமையை நடுப்பக்கம் மாற்றினாலே பல நேரம் வித்தியாசம் தெரியும்.

2011-ம் ஆண்டு டிசம்பரில் தானே புயலும், 2024-ம் ஆண்டு நவம்பரில் பெஞ்சல் புயலும் புதுவையை தாக்கின. இதுபோன்ற நேரத்தில் என்ஜின் தண்ணீரில் மூழ்கினால், காய்ந்த பிறகு பார்க்கலாம் என்று விடக்கூடாது. வெளியே எடுத்த உடனே உப்பு துருவை தொடங்கி விடும். நல்ல தண்ணீரில் கழுவி, பிளக்கை கழற்றி உள்ளே உள்ள தண்ணீரை வெளியேற்றி, ஆயில் விட்டு, சில மணி நேரத்துக்குள் மெக்கானிக்கிடம் கொண்டு போக வேண்டும்.

தினமும் 5 நிமிஷம்

கோளாறை முகத்துவாரத்தில் கண்டுபிடிக்கக்கூடாது. அதற்கு முன்பே, அலை இல்லாத உள் பக்கத்தில் கண்டுபிடிக்க வேண்டும்.

கிளம்பியதும் என்ஜினை சூடாக விட வேண்டும். பிறகு மற்ற படகுகளுக்கு இடைஞ்சல் இல்லாத இடத்தில் மெதுவில் இருந்து முழு வேகத்துக்கு 2 முறை ஏற்றி இறக்கி பார்க்க வேண்டும். இருமல் வந்தால் அன்று முகத்துவாரத்தை தாண்டக்கூடாது.

என்ஜின் நன்றாக இருக்கும் நாளில், தெரிந்த இரண்டு இடத்துக்கு நடுவே வழக்கமான சுமையோடு எத்தனை வினாடி ஆகிறது என்று செல்போனில் பார்த்து குறித்து வைக்கலாம். பிக்-அப் குறைவது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நடக்கும், பழகிப்போய் தெரியாது. வினாடி கணக்கு பொய் சொல்லாது.

கரை திரும்பியதும் நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் வைத்து சில நிமிஷம் ஓட்டினால் உள்ளே உள்ள உப்பு வெளியேறும். தண்ணீர் இல்லாமல் என்ஜினை ஓட்டவே கூடாது. இம்பெல்லர் உடனே கருகி விடும்.

படகில் எப்போதும் இருக்க வேண்டியவை: ஒரு செட் பிளக், பிளக் ஸ்பேனர், பில்டர், கத்தி, துடுப்பு, நங்கூரம், நீளமான கயிறு, ஆளுக்கு ஒரு லைப் ஜாக்கெட்.

என்ஜின் நின்னுட்டா...

அலை உடையும் இடத்துக்கு பக்கத்தில் என்ஜின் நின்று விட்டால் முதல் வேலை ஸ்டார்ட்டர் கயிற்றை இழுப்பது இல்லை. முதல் வேலை நங்கூரத்தை போடுவது. அதுவும் படகின் முன்பக்கத்தில் இருந்து போட வேண்டும். அப்போதுதான் படகு மூக்கை அலைக்கு காட்டி நிற்கும், உடையும் அலைக்குள் இழுத்து போகாது. அதற்கு பிறகு நிதானமாக காற்று திருகு, ரப்பர் உருண்டை, நிறுத்தும் கயிறு மூன்றையும் பார்க்கலாம்.

உள்ளே வரும்போது என்ஜின் பலவீனமாக தெரிந்தால் முகத்துவாரத்துக்கு வெளியே ஆழமான இடத்திலேயே நின்று, வேறு படகை அழைத்து கட்டி இழுத்து வருவதுதான் நல்லது. 'எப்படியாவது உள்ளே போயிடலாம்' என்று முயற்சி செய்யும்போதுதான் படகு கவிழ்கிறது.

கடலில் ஆபத்து என்றால் கடலோர காவல் படையை 1554 என்ற எண்ணிலும், கடலோர போலீசாரை 1093 என்ற எண்ணிலும் அழைக்கலாம். தூரம் போனால் செல்போன் சிக்னல் இருக்காது. அதனால் கிளம்பும் முன்பே எந்த பக்கம் போகிறோம், எப்போது திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லி விட்டு போக வேண்டும்.